சித்திரையில் அடித்த வாடை

அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வயசுக்காரர்களே, முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால், அடுத்தவர் பொத்தானை அமுக்கிப் பார்ப்பதற்குள் நான் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருப்பேன். ரத்தம் கொடுத்துவிட்டு முடிவு வருவதற்குள் பீரோ சாவி இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லிவிடுவேன். அவளும் ஒவ்வொரு முறையும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வாள். சாவியை அங்கே வைப்பதே அவள்தான்.

இந்தக் கலையில் என் அரங்கேற்றம் ஒன்பது வயதில், எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது. நடத்தி வைத்தது ஒரு சினிமா.

படத்தின் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டாலும் பயனில்லை, எங்கள் குப்பத்தில் யாருமே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘குசுப் படம்’ என்றுதான் சொன்னார்கள். கௌரவமான வாசகர்கள் மன்னிக்கவும். இதைவிடக் கௌரவமாகச் சொன்னால் அந்தப் படத்துக்குத் துரோகம் செய்ததாகிவிடும்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கு வடக்கே இருந்தது. கரையோரமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். ரோட்டோரம் சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், பங்குனி கடைசியில், டூரிங் டாக்கீஸ் ஒன்று வந்து இறங்கியது. உட்கார மணல்தான். மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருப்பவர் முதுகில் குத்தினால் அரை அங்குலம் குறைத்துக்கொள்வோம். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்ற மூன்று இடைவேளை. திரையின் வலது மூலையில் ஒரு பெரிய ஒட்டுத் துணி தைத்திருந்தார்கள். கதாநாயகன் அந்தப் பக்கம் போய் நின்றால் அவன் கன்னத்தில் ஒரு தையல் தழும்பு விழும். அவனுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு கீற்றுத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் மல்லிகை மணம், இந்தப் பக்கம் பீடிப் புகை, இரண்டுக்கும் மேலே எல்லோருக்கும் பொதுவாகக் கருவாடு.

கதை இதுதான். ஒரு கஞ்சன் மாமனார். அவருக்கு மூன்று மருமகள்கள். அவர் பொய் சொன்னால் உடனே பின்னால் காற்று பிரிந்துவிடும். அதற்கென்று ஒரு நாதஸ்வரக்காரரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். விருந்தாளி வந்தால், “அரிசி தீந்துபோச்சுங்க” என்பார் மாமனார்; பீ என்று ஒரு ஊது. பெண்டாட்டியிடம், “உங்கம்மாவ நான் தெய்வமா நினைக்கிறேன்” என்பார். ஒரு முழு ஆலாபனை. இடையில் வேட்டி அவிழும், வழுக்கைத் தலையில் சாணி விழும். இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டே சிரிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஊது வந்ததும் ஆண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு கிழட்டுக் கட்டுமரக்காரர் கை உயர்த்திக் கத்தினார்:

“வாடை!”

கடற்கரையில் பிறக்காதவர்களுக்காக: எங்களுக்கு வாடை என்றால் வடக்கேயிருந்து வரும் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வரும். வந்தால் கடல் புரளும், கட்டுமரத்தை மேலே இழுத்துப் போட வேண்டும். ஊர் உலகத்துக்கோ வாடை என்றால் நாற்றம். இரண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் கச்சிதமாகப் பொருந்துகிற சந்தர்ப்பம் ஒரு மீனவனுக்கு ஆயுளில் ஒருமுறைதான் வாய்க்கும். கிழவர் அதை விடவில்லை. கொட்டகையே உருண்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஊதுக்கும் நூறு தொண்டைகள் ஒன்றாக, “வாடை!”

சிரிக்காத ஒரே ஆள் என் நைனா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் காற்றுதான் முதலாளி. முதலாளியைக் கேலி செய்வதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“காத்த வெச்சி கிண்டல் பண்றானுங்க பாரு. அதுலதானேடா சோறு துன்றோம்?” என்று முணுமுணுத்தார். நான் என் மணல் குவியலின் மேல் ஏறி நின்று கத்தியபோது பொறுமை போய்விட்டது. இரண்டாவது இடைவேளையில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தட்டிப் பக்கம் போய், “எழுந்து வாங்கடி!” என்று அம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டார்.

பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கிழிக்கும் அம்மாள் முறத்தளவு கையை நீட்டித் தடுத்தாள். “யோவ், பொம்பளைங்க பக்கம் உனக்கு இன்னா வேல? தட்டிய தொட்டே, வெச்சிகினேன்!”

“எம் பொண்டாட்டிய கூப்புட்றேன்மா.”

“அவங்க வந்தா கூட்டிகினு போ.”

அம்மா வரவில்லை. “நீ போய்யா, நாங்க ஊரு பொம்பளைங்களோட வந்துட்றோம்” என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள். ஆகவே அந்தப் படத்தின் முதல் பாதியை நாங்கள் நாலு பேரும் பார்த்தோம், அடுத்த பாதியைப் பெண்கள் இருவர் மட்டும் பார்த்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது இருவர் கண்ணும் வீங்கியிருந்தது.

“இன்னா, அழுதீங்களா?” என்றார் நைனா.

“யாரு அழுதது? பீடிப் புகை” என்றாள் அம்மா.

நான் அக்காவைப் பிராண்டினேன். “அப்பால இன்னாக்கா ஆச்சி? சொல்லுக்கா.”

“அந்தப் படத்தப் பத்தி இந்த வூட்ல எவனாவது வாயத் தொறந்தா தோல உரிச்சிடுவேன்” என்றார் நைனா. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சிரிப்பை அடக்க அவள் செய்வது அது. அக்காவின் வியாதியே சிரிப்புதான். இருபத்திரண்டு வயது. எங்கள் குப்பத்தில் அந்த வயதுக்காரிகள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தை வைத்திருந்தார்கள். அக்காவைப் பெண் பார்க்க அதற்குமுன் இரண்டு முறை வந்தார்கள். முதல் முறை, மாப்பிள்ளையின் சித்தப்பா, “எங்க குடும்பத்துல யாரும் சத்தம் போட்டே பேச மாட்டோம்” என்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள். இரண்டாம் முறை எதற்குச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வந்த அம்மாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “பொண்ணுக்கு எதுனா கோளாறு கீதா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. அக்கா சவுக்குத் தோப்புக்குள் போய் ஒரு மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு முதுகு நடுங்க நின்றிருந்ததை நான் பார்த்தேன். அவள் சிரிக்காத முகத்தை முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். ஆள் மாறிவிட்டதுபோல இருந்தது. சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். “மூணாவதும் போச்சின்னா அப்பால எவனும் வாசப்படி மிதிக்க மாட்டான்” என்று அம்மா நைனாவிடம் சொன்னதும் காதில் விழுந்தது.

மூன்றாவது இடம் கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெண்டாட்டியை இழந்தவர். மூன்று பையன்கள், மூத்தவன்தான் மாப்பிள்ளை. பெரியவர் அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர். அவர் மீசையைப் பற்றி எங்கள் குப்பத்திலேயே பேச்சு இருந்தது. அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை என்றார்கள்.

“நீ மட்டும் சிரிச்சே, அப்படியே கட்டுமரத்துல கட்டி வுட்டுடுவேன்” என்றார் நைனா.

“சிரிக்க மாட்டேன் நைனா.”

“பல்லு தெரியக் கூடாது.”

“தெரியாது நைனா” என்றாள் அக்கா, எல்லாப் பல்லும் தெரிய.

இதற்கிடையில் என் நிலைமையையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்தில் ‘வாடை’ எனக்குத் தும்மல் மாதிரி ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலி கிறீச்சிட்டால் வாடை, பஸ் ஹாரன் அடித்தால் வாடை. மூளைக்குத் தகவல் போவதற்குள் வாய் சொல்லிவிடும். வீட்டில் மட்டும் நைனாவுக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் காலையில் அம்மா ஒரு தவறு செய்தாள். பெண் வெறும் வயிற்றோடு மயங்கி விழுந்துவிடக் கூடாதென்று வள்ளிக்கிழங்கு அவித்து, அக்கா வேண்டாம் வேண்டாம் என்றும் விடாமல், மூன்று கிழங்கு ஊட்டிவிட்டாள்.

பத்து மணிக்கு வந்தார்கள். பெரியவர், மாப்பிள்ளை, உறவுக்காரர்கள் இரண்டு பேர். புதுக் கோரைப்பாயில் உட்கார்ந்தார்கள். பெரியவர் மீசை பேச்சுக்குக் குறைவில்லாமல் இருந்தது. அவர் ஒன்றும் பேசாததால் யாரும் பேசவில்லை. நான் போஸ்ட் பாக்ஸ் போட்ட டவுசரை, அதாவது பின்பக்கம் கிழிந்த டவுசரை, சுவரோடு அழுத்தி மறைத்துக்கொண்டு நின்றேன்.

அக்கா காபித் தட்டோடு வந்தாள். தலை குனிந்துதான் வந்தாள். குனிந்த தலைக்கு நேரே மாப்பிள்ளையின் புது வேட்டி. அதன் முழங்கால் பக்கத்தில் மில் சீட்டு கிழிக்கப்படாமல் அப்படியே ஒட்டியிருந்தது. சிவப்பு எழுத்து, நடுவில் ஒரு கிளிப் படம்.

அக்காவின் கன்னம் இரண்டும் பேத்தை மீன் மாதிரி உப்பின. அம்மா சமையல்கட்டு வாசலிலிருந்து கண்ணாலேயே கும்பிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. தட்டை வைத்தாள், மூச்சைப் பிடித்தாள், பெரியவர் காலில் விழக் குனிந்தாள். மேலே மூடிய வழி மூடியே இருந்தது. நெற்றி பாயைத் தொட்ட நேரத்தில் வேறு வழி திறந்துகொண்டது.

பெரிய சத்தம் இல்லை. சின்னப் பிள்ளை பூவரச இலையைச் சுருட்டி ஊதினால் வருமே, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து அலைகூட ஓய்ந்திருந்தது.

நான் கத்தினேன்:

“வாடை!”

வாசகர்களே, சொல்லிவிட்ட பிறகுதான் மூளைக்குத் தகவல் போனது. நைனா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் எனக்கான கட்டுமரம் தயாராக இருந்தது. மாப்பிள்ளை தன் மில் சீட்டையே படித்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்திருக்கவேயில்லை. பாயில் வைத்த நெற்றியோடு அப்படியே கிடந்தாள். அவள் முதுகு நடுங்கியது. அது சிரிப்பில்லை. சவுக்குத் தோப்பில் பார்த்த முதுகு அது.

பெரியவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா சொன்னே? வாடையா?”

நான் தலையை ஆட்டினேன்.

“சித்திரையில ஏதுடா வாடை?” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “வாடை எடுத்திருந்தா மரத்த மேல இழுத்துப் போடணுமே. எழுந்திரிங்கப்பா, ஒரு நடை பாத்துட்டு வந்துருவோம்.”

காற்று மாறிவிட்டது என்று ஒருவர் சொன்னபின் எந்த மீனவனும் உட்கார்ந்திருக்க மாட்டான். உறவுக்காரர்கள் எழுந்தார்கள், மாப்பிள்ளை எழுந்தார், நைனாவும் எழுந்தார். ஆண்கள் அத்தனை பேரும் மளமளவென்று கடலைப் பார்க்க வெளியேறிவிட்டார்கள். அக்கா தலை நிமிர்ந்தால் பார்க்க, வீட்டுக்குள் பெண்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

இன்று இதை எழுதும்போது அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: போய்விட்டார்கள். மூன்றாவதும் போய்விட்டது. இந்த முறை அக்கா சிரிக்கவில்லை, கெடுத்தது நான். பின்வாசல் வழியாக ஓடினேன். கரையில் ஆண்களின் உரத்த குரல் கேட்டது. அடிதடி ஆரம்பித்துவிட்டது, போலீஸ் வரும், என்னைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று முடிவு செய்தேன். தெற்கே திரும்பி மாமல்லபுரம் வரை நிற்காமல் போனேன். அதாவது ஓடினேன், நடந்தேன், ஓர் இடத்தில் உட்கார்ந்து முள் எடுத்தேன், மறுபடி ஓடினேன். வழியில் எதிர்காலத்தைத் திட்டமிட்டேன். கிளிஞ்சல் விற்கலாம். சாமியாராகலாம். பேரை மாற்றிக்கொள்ளலாம், புதுப் பேரும் பார்த்து வைத்தேன்.

மாமல்லபுரத்தில் கல் யானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்த யானை நிழலில் ஏற்கெனவே ஒரு வெள்ளைக்கார ஹிப்பி படுத்திருந்தார். அழுகிற என்னைப் பார்த்து ஒரு பிஸ்கட் நீட்டினார். மயக்க மருந்து கலந்திருக்கும் என்று பயந்தேன். பயந்துகொண்டே தின்றேன். இன்னொன்று கேட்டேன்.

பக்கத்துப் பட்டறையில் சிலை கொத்திக்கொண்டிருந்த ஆள் உளியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார். “இன்னாடா, வூட்ட வுட்டு ஓடியாந்துட்டியா?”

“இல்ல அண்ணாத்த.”

“அப்ப இன்னாத்துக்கு அழுவுற?”

“எங்கக்கா கல்யாணத்த நிறுத்திட்டேன்.”

“உன் வயசு இன்னா?”

“ஒம்போது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒம்போது வயசுல இம்மாம் பெரிய வேலைய செஞ்சிட்டியா? எனக்கு நாப்பது, இன்னும் ஒரு யான காதுகூட முடியல. போ, வூட்டுக்குப் போயி ஒத வாங்கு. வாங்கிட்டீன்னா பயம் பூடும்.”

அவர் சொன்னது உண்மை என்று பட்டது. தவிர, பிஸ்கட்டும் தீர்ந்துவிட்டது.

வெயில் சாய்கிற நேரத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் வந்து வேலிக்குள் எட்டிப் பார்த்தேன். குப்பைக் குழி ஓரத்தில் வாழை இலைகள் கிடந்தன. எங்கள் குப்பத்து நாய் ஒன்றைப் பிரித்து மீன் முள்ளைச் சுவைத்துக்கொண்டிருந்தது. நாலு இலை, ஐந்து இலை. எல்லாம் உண்டு முடித்து ஒழுங்காக மடித்த இலைகள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். பெண் வீட்டில் சோற்றில் மட்டும் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பேச்சு மாற முடியாது.

நான் அந்த நாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஓர் அகப்பை வந்து முதுகில் இறங்கியது.

“எங்கடா பூட்ட, பேதியில போறவனே! குப்பம் பூரா தேடிகினு கீறாங்க!” அம்மா இன்னும் இரண்டு போட்டாள். பிறகு அதே அகப்பையால் சோறு போட்டாள். தட்டில் வஞ்சிரத்தின் நடுத் துண்டு இருந்தது. நடுத் துண்டு நைனாவுடையது. எனக்கு அது வந்ததேயில்லை.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணில் மை கலைந்து கன்னம் வரைக்கும் ஓடியிருந்தது.

“கரையில நின்னுகினு எல்லாரும் வாடையா, மேக்கால வர்ற கச்சானான்னு சண்ட போட்டுகினு இருந்தாங்கடா. நைனா மண்ண அள்ளித் தூவிப் பாத்து, லேசா வடக்கு அடிக்குதுன்னு சாதிக்கிறாராம். அவங்கள அங்கியே வுட்டுட்டு பெரியவரு மட்டும் திரும்பி வந்தாரு. தண்ணி கேட்டாரு. நான் அம்மா பின்னாடி நின்னு அழுதுகினு இருந்தேன்.”

“திட்டினாரா?”

“இல்லடா. ‘யம்மா, எங்க வூட்ல நாலும் ஆம்பளைங்க. சிரிப்புச் சத்தம் கேட்டு ஆறு வருசம் ஆவுது. நீ எங்க வூட்டுக்கு வந்தா மருமகளா இருக்க மாட்டே, எம் பொண்ணா இருப்பே’ன்னாரு. சொல்லிட்டு சும்மா நின்னாரு. தலைய சாச்சி காத குடுத்து எதையோ கேக்குற மாரி நின்னாரு. அப்பால மெதுவா திரும்பி, பின்னாடி ஒருவாட்டி பாத்தாரு.”

“பின்னாடி இன்னா இருந்திச்சி?”

“ஒண்ணுமில்ல. நான் சிரிச்சிட்டேன். அடக்கவே முடியல, குலுங்கிக் குலுங்கி சிரிச்சேன். அம்மா தலையில அடிச்சிகிச்சி. அவரு, ‘இன்னா கொழம்புமா?’ன்னு கேட்டாரு. வஞ்சிரம்னேன். ‘சோறு போடு’ன்னுட்டாரு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “பின்னாடி திரும்பிப் பாத்ததுக்கு ஏன்க்கா சிரிச்சே?”

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். வந்தவர்களை வழியனுப்பப் போன நைனா இன்னும் திரும்பவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் வீட்டில் தடை செய்யப்பட்ட அந்த இரண்டாம் பாதியை எனக்குச் சொன்னாள்.

சின்ன மருமகளுக்கு விஷக் காய்ச்சல். பிழைப்பது கஷ்டம் என்று வைத்தியர் கைவிட்டுப் போகிறார். அந்தக் கஞ்சன் மாமனார் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டுகிறார். “நீ என் மருமக இல்லம்மா, நான் பெத்த பொண்ணு” என்கிறார். கொட்டகை முழுக்க நாதஸ்வரத்துக்குத் தயாராகிறது. ஆண்கள் பக்கத்தில் நூறு பேர் ‘வாடை’ சொல்ல வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஊது வரவில்லை. மாமனாருக்கே சந்தேகம், திரும்பிப் பின்னால் பார்க்கிறார். அப்போதும் வரவில்லை. திறந்த வாய்கள் திறந்தபடியே இருக்கின்றன. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி முதலில் விம்மினாளாம். பிறகு தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வித்தியாசமில்லையாம்.

சாணியும் வேட்டியும் அந்த ஒரு நிமிஷ அமைதிக்காகத்தான் போலிருக்கிறது. என் நைனாவும் நானும் பீடிப் புகையோடு பாதியில் எழுந்து வந்துவிட்டோம். ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற அந்த மீசைக்காரரோ முழுசாகப் பார்த்திருக்கிறார். நாலு முறை பார்த்ததாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். நைனாவும் லேசுப்பட்டவரில்லை. அன்று கொஞ்சம் வடக்கே திரும்பியது என்று சாகும்வரை சாதித்தார். காற்றை முதலாளியாக வைத்திருந்த மனிதருக்கு, சித்திரையில் காற்று எந்தத் திசை என்று தெரியாமலா போயிருக்கும்? மகளின் மானத்துக்காக அந்த ஒரு நாள் அவரும் முதலாளியைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு ஐம்பது வயதில்தான் உறைத்தது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெரியவர் அதற்குப்பின் பத்தொன்பது வருஷம் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் படுக்கைதான்; கஞ்சி ஊட்டியது அக்கா. அந்த வீட்டில் அவர் எத்தனையோ முறை, எல்லோரையும் போல, சத்தமாகவே காற்று விட்டிருக்கிறாராம். ‘எம் பொண்ணு’ என்று அவளைக் கூப்பிட்ட கையோடு மட்டும் அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லையாம். அக்கா சொல்கிறாள். நான் அப்படியே நம்புகிறேன்.